மார்பு எக்ஸ்ரே சீட்டில் எழுதியிருப்பது என்ன?



உடம்பைக் கத்தியால் தொடாமலே உள்ளே இருப்பதைக் காட்டுவது எக்ஸ்ரே. 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் அதில் தெரிந்தன. இன்று எக்ஸ்ரே வேனில் ஏறி நம் ஊருக்கே வருகிறது. கையில் தூக்கி வரும் சிறு கருவியை வைத்துக்கொண்டு, காசநோய் முகாமில் பள்ளிக்கூடக் கட்டிடத்திலேயே மார்புப் படம் எடுத்துவிடுகிறார்கள்.

படம் கைக்கு வருகிறது. கூடவே ஒரு சீட்டும் வருகிறது. சீட்டில் நாலைந்து வரி. எல்லாம் இங்கிலீஷ், அதிலும் பாதி லத்தீன். டாக்டரைப் பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். அதற்குள் வீட்டிலே படிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. பக்கத்து வீட்டார் அர்த்தம் சொல்கிறார்கள். "நெஞ்சிலே நிழல் விழுந்திருக்காம்" என்று ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. "நார்மல்னு போட்டிருக்கு, அப்புறம் என்ன?" என்று இன்னொரு வீட்டில் மூன்று வாரத்து இருமலோடு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

சீட்டைப் படித்து நீங்களே வைத்தியம் செய்துகொள்வதற்காக இந்தப் பிரசுரம் எழுதப்படவில்லை. அதில் உள்ள வார்த்தைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. தெரிந்துகொண்டால் வீண் பயம் போகும். டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

மூன்று கேள்விகள்

சீட்டில் உள்ள எந்த வார்த்தையையும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குள் அடக்கிவிடலாம். எங்கே இருக்கிறது? எப்படித் தெரிகிறது? எதனால் இருக்கலாம்?

முதல் இரண்டுக்கும் படம் பதில் சொல்லும். மூன்றாவதைப் படம் ஊகிக்கத்தான் முடியும். அதற்குச் சளிப் பரிசோதனை வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும், டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க வேண்டும், உங்கள் வாயால் நீங்கள் நோயின் கதையைச் சொல்ல வேண்டும். சீட்டில் உள்ள பெரும்பாலான வார்த்தைகள் முதல் இரண்டு வகைதான். அதாவது அவை இடத்தின் பெயர்கள், அல்லது நிழலின் தோற்றத்தைச் சொல்பவை. நோயின் பெயர்கள் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கறுப்பும் வெளுப்பும்

படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளையாகத் தெரியும். இரத்தம், தசை, நீர், சீழ் இவையெல்லாம் நடுவாந்திரமாகச் சாம்பல் வெளுப்பாகத் தெரியும். நுரையீரலில் நிறையக் காற்று இருப்பதால் அது கறுப்பாக இருப்பதுதான் சரி. காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது புகுந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். நாம் பேச்சில் "நிழல்" என்று சொல்வது இந்த வெளுப்பைத்தான்.

இன்னொன்று. படத்தைப் பார்க்கும்போது அந்த ஆள் நமக்கு எதிரே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நமது வலக்கைப் பக்கம் தெரிவது அவருடைய இடப்பக்கம். "இருதயம் வலது பக்கம் இருக்கே!" என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதறுகிறவர்கள் உண்டு. படத்தின் மூலையில் வலம் அல்லது இடம் என்பதற்கு ஓர் எழுத்து பதிந்திருக்கும். டெக்னீஷியன் அதைப் பார்த்துத்தான் படத்தை மாட்டுவார்.

மேலிருந்து கீழே: இடப் பெயர்கள்

ட்ரக்கியா என்றால் மூச்சுக்குழாய். தொண்டையிலிருந்து மார்புக்கு இறங்கும் கறுப்புப் பட்டை. அது நடுவில் இருக்கிறது என்பதை "சென்ட்ரல்" என்று எழுதுவார்கள். அது நல்ல சேதி. "ஷிப்டட்" என்றால் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. பழைய தழும்பு சுருங்கி இழுத்திருக்கலாம், அல்லது மறுபக்கம் நீர் சேர்ந்து தள்ளியிருக்கலாம். எது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை இடதைவிட அகலம், சரிவும் குறைவு. அதனால்தான் குழந்தை விழுங்கும்போது தவறி உள்ளே போகும் வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் பெரும்பாலும் வலது நுரையீரலுக்குப் போகின்றன. காசு போனால் படத்தில் பளிச்சென்று தெரியும். வேர்க்கடலை தெரியாது. விளையாடிக்கொண்டே கடலை தின்ற குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதன்பின் இருமலும் இழுப்பும் நிற்காவிட்டால், படம் நன்றாக இருந்தாலும் நடந்ததை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஏபெக்ஸ் என்றால் உச்சி. நுரையீரலின் நுனி, காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே வரை போகிறது. "ஏபிக்கல்" என்று எழுதியிருந்தால் அந்த உச்சிப் பகுதி என்று பொருள். பெரியவர்களுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் மேல் பகுதியில் தங்குவதால் டாக்டர்கள் இந்த இடத்தை உற்றுப் பார்ப்பார்கள். ஆனால் ஏபிக்கல் என்பது இடத்தின் பெயர் மட்டுமே.

லோப் என்றால் நுரையீரலின் மடல். வலது நுரையீரலுக்கு 3 மடல், இடது நுரையீரலுக்கு 2 மடல். இடப்பக்கம் இருதயத்துக்கு இடம் விட வேண்டியிருக்கிறது. "ஸோன்" என்று எழுதியிருந்தால் அது மடல் அல்ல. படத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று பங்காகப் பிரித்துச் சொல்லும் வசதி அது. வயலை மேல்பங்கு, நடுப்பங்கு, கீழ்ப்பங்கு என்று நாம் சொல்வது போல.

ஹைலம் என்பது நுரையீரலின் காம்பு. இலைக்குக் காம்பு வழியாக நரம்பு ஓடுவது போல, இரத்தக் குழாய்களும் காற்றுக் குழாய்களும் இந்த இடத்தின் வழியாகத்தான் நுரையீரலுக்குள் போகின்றன. இடது ஹைலம் வலதைவிடச் சற்று உயரத்தில் இருப்பது இயற்கை. "ஹைலம் ப்ராமினன்ட்" என்றால் அந்தக் காம்பு சற்றுத் தடித்துத் தெரிகிறது. அங்கே நெறி கட்டியிருக்கலாம். வெறும் இரத்தக் குழாயாகவும் இருக்கலாம்.

ப்ராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் என்ற நீளமான வார்த்தை பலருடைய சீட்டில் இருக்கும். இலையின் நரம்புகள்தான் அவை. ஹைலத்திலிருந்து பிரிந்து ஓடும் குழாய்களின் கோடுகள். அவை எல்லாருக்கும் உண்டு. சளிபிடித்திருக்கும்போதும், பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும், மூச்சை முழுதாக இழுக்காமல் படம் எடுத்தாலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தூக்கம் கெட வேண்டாம். பீடியை விட வேண்டும் என்பது தனிச் சேதி. அதைச் சீட்டு சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

மீடியாஸ்டினம் என்பது இரண்டு நுரையீரலுக்கும் நடுவே உள்ள இடம். இருதயம், பெரிய இரத்தக் குழாய்கள், உணவுக்குழாய், நெறிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு இந்த இடம் அகன்று தெரியும். தைமஸ் என்ற சுரப்பி அந்த வயதில் பெரிதாக இருப்பதுதான் காரணம். வளர வளர அது சுருங்கிவிடும். "குழந்தைக்கு நெஞ்சிலே கட்டி" என்று யாராவது சொன்னால், குழந்தை டாக்டரிடம் காட்டும்வரை நம்ப வேண்டாம்.

கார்டியாக் ஷேடோ என்றால் இருதயத்தின் நிழல். எல்லாருக்கும் இருப்பது. இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்! பெரியவர்களுக்கு இருதயத்தின் அகலம் மார்பின் உள் அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேலிருந்தால் "கார்டியோமெகலி" என்று எழுதுவார்கள். இருதயம் பெருத்துத் தெரிகிறது என்று அர்த்தம். தெரிகிறது என்ற வார்த்தையைக் கவனியுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்திலும், மூச்சை அரைகுறையாக இழுத்த படத்திலும் சாதாரண இருதயம்கூடப் பெரிதாகத் தெரியும். கைக்குழந்தைகளுக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. ஆனால் நடந்தால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம், இரத்தக் கொதிப்பு இவற்றோடு இந்த வார்த்தையும் சேர்ந்திருந்தால் அலட்சியம் கூடாது. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

ப்ளூரா என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய இரட்டை உறை. உறைக்கு நடுவே நீர் சேர்ந்தால் "ப்ளூரல் எஃப்யூஷன்". "நெஞ்சிலே நீர் கோத்திருக்கு" என்று நாம் சொல்வது இதைத்தான். உறை தடித்திருந்தால் "ப்ளூரல் திக்கனிங்". இது பெரும்பாலும் பழைய நோய் ஆறிய அடையாளம்.

டயாப்ரம் என்பது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் தட்டு. கவிழ்த்த கிண்ணம் போல இருப்பதால் "டோம்" என்று எழுதுவார்கள். வலது கிண்ணம் இடதைவிடச் சற்று உயரமாக இருப்பது இயல்பு. இடது கிண்ணத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு குமிழி தெரிந்தால் அது இரைப்பையில் உள்ள காற்று. அதைப் பார்த்து ஓட்டை என்று நினைக்க வேண்டாம்.

காஸ்டோப்ரெனிக் ஆங்கிள் என்பது அந்தக் கிண்ணம் விலா எலும்போடு சேரும் மூலை. சீட்டில் சி.பி. ஆங்கிள் என்று சுருக்கி எழுதுவார்கள். கூரான மூலையாக இருப்பதுதான் சரி. அதை "க்ளியர்" என்று எழுதுவார்கள். "ப்ளன்டட்" என்றால் மூலை மழுங்கியிருக்கிறது. நின்றபடி எடுத்த படத்தில் இந்த மூலை மழுங்குவதற்கு ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் நீராவது சேர்ந்திருக்க வேண்டும். பழைய தழும்பினாலும் மழுங்கும்.

போனி கேஜ் என்றால் எலும்புக் கூடு. 12 ஜோடி விலா எலும்பு, காறை எலும்பு, தோள்பட்டை, முதுகெலும்பு எல்லாம் சேர்ந்தது. "நார்மல்" என்று இருந்தால் எலும்பில் முறிவோ அரிப்போ தெரியவில்லை என்று பொருள்.

தோற்றத்தைச் சொல்லும் வார்த்தைகள்

இனி இரண்டாவது வகை.

"ஒபாசிட்டி" என்றால் வெளுப்பு, அவ்வளவுதான். "ஹேஸினஸ்" என்றால் மங்கல். "இன்பில்ட்ரேஷன்" என்றால் பஞ்சு தூவினாற்போலத் திட்டுத் திட்டாக வெளுப்பு. "நாட்யூல்" என்றால் உருண்டையான சிறு புள்ளி. "கன்சாலிடேஷன்" என்றால் காற்று இருக்க வேண்டிய அறைகளில் சளியோ சீழோ நிறைந்து ஒரு பகுதி கெட்டித்துத் தெரிவது. நிமோனியாவில் இப்படி வரும். மருந்தில் காய்ச்சல் விட்டுப் பிள்ளை ஓடியாடி விளையாட ஆரம்பித்த பிறகும் படத்தில் இந்த நிழல் மறையச் சில வாரம் ஆகலாம்.

"கேவிட்டி" என்றால் குழி. நுரையீரலின் சதை கரைந்து அந்த இடத்தில் காற்று நிற்பது. இந்த வார்த்தை இருந்தால் நாள் கடத்தவே கூடாது. காசநோயில் குழி விழுந்தவருடைய சளியில் கிருமி அதிகமாக இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

"பைப்ரோஸிஸ்" என்றால் தழும்பு. "கால்சிபிகேஷன்" என்றால் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்ட இடம். காலில் பட்ட காயம் ஆறிய பிறகும் வடு இருக்கிறதல்லவா? அதைப் போல நுரையீரல் வடுவும் ஆயுசுக்கும் இருக்கும். வடு இருப்பதாலேயே நோய் இருக்கிறது என்று ஆகாது. முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள் அந்தச் சிகிச்சை அட்டையையும் பழைய படத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ புதிய டாக்டரிடமோ "இது புதுசா, பழசா?" என்ற கேள்வி வரும்போது, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போலத் தெளிவான சாட்சி வேறில்லை. இரண்டிலும் நிழல் ஒரே அளவில் இருந்தால் நிம்மதி. வளர்ந்திருந்தால் கவனம்.

கேள்விக்குறியும் "காக்ஸ்" என்ற வார்த்தையும்

சீட்டின் கடைசியில் "இம்ப்ரெஷன்" என்று ஒரு வரி இருக்கும். படத்தைப் பார்த்தவருடைய அபிப்பிராயம் அது. அங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது: எதனால் இருக்கலாம்?

ஒரு கேள்விக்குறி போட்டு "காக்ஸ்" என்று எழுதியிருக்கலாம். காசநோயைத்தான் டாக்டர்கள் அப்படி எழுதுகிறார்கள். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததை உலகுக்கு அறிவித்தார். அவர் பெயரே நோய்க்கும் வழக்காகிவிட்டது. மார்ச் 24 இன்றும் உலகக் காசநோய் தினம்.

அந்தக் கேள்விக்குறி மிக முக்கியம். "எனக்குச் சந்தேகம் இருக்கிறது, உறுதி செய்யுங்கள்" என்று அவர் சொல்கிறார். நாமோ கேள்விக்குறியை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், கல்யாணமாகி எட்டு மாதமான ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து படம் எடுத்தார்கள். வலது உச்சியில் வெளுப்பு, கேள்விக்குறி, காக்ஸ் என்று சீட்டு வந்தது. அன்று சாயங்காலமே தட்டு முட்டு சாமானோடு அந்தப் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். டாக்டர் சளி எடுத்துப் பார்த்தார், கிருமி இல்லை. கூந்தலை உச்சியில் தூக்கி முடிந்துகொள்ளச் சொல்லி மறுபடி படம் எடுத்தார். வெளுப்பையே காணோம். முதல் தடவை பின்னிய சடை தோளுக்கு முன்னால் விழுந்திருந்தது. அந்தச் சடையின் நிழல்தான் அத்தனை பாடு படுத்தியது! அந்தப் பெண் திரும்பி வர நாலு மாதம் ஆயிற்று. அவளுக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல்.

சரி, உண்மையாகவே காசநோயாக இருந்திருந்தால்? அப்போதும் அவளை வீட்டை விட்டு அனுப்பியது தவறுதான். இதற்கு நம் சென்னையே சாட்சி. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த நிலையத்தார் நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில் வைத்தும், பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொள்ள இது வழி காட்டியது. அந்த நிலையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். தினமும் தவறாமல் மருந்து சாப்பிடுவதுதான் குடும்பத்தைக் காக்கும். மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது காக்காது.

உறுதி செய்வது எப்படி?

சளிதான் பேசும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை டப்பாவில் பிடிக்க வேண்டும். எச்சில் உதவாது. அந்தச் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதை இப்போதுள்ள கருவிகள் சில மணி நேரத்திலேயே காட்டிவிடுகின்றன. அரசு ஆஸ்பத்திரி மூலம் இதற்குக் காசு இல்லை.

சிறு குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது. அவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. பெரியவர்களிலும் சிலருக்குச் சளியில் கிருமி தென்படாமலே நோய் இருக்கும். அப்போது படத்தையும் உடம்பின் நிலையையும் வைத்து டாக்டர் முடிவெடுப்பார். அந்த முடிவு டாக்டருடையது. மருந்துக் கடைக்காரருடையதும் நம்முடையதும் அல்ல.

நோய் உறுதியானால், சாதாரண வகைக்கு 6 மாதச் சிகிச்சை. மாத்திரை இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆயிற்று. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, ஆள் தெளிந்துவிடுவார். "அதான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துவது அங்கேதான். நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாக மாறலாம். வீட்டில் உள்ள மற்றவர்களும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள், பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தருவார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காசநோய் மருந்துகளில் ரிபாம்பிசின் என்பது கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். சிகிச்சைக் காலத்தில் மாத்திரையை மட்டும் நம்பாமல் காப்பர்-டி அல்லது நிரோத் பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டர் மேற்பார்வையில் காசநோய் மருந்து சாப்பிடலாம். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

"நார்மல்" என்றால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. மார்புப் படத்தில் தெரியாத நோய்கள் பல. ஆஸ்துமாவில் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாரடைப்பு வரப்போகிறவரின் படமும் நன்றாக இருக்கலாம். ஆரம்ப நிலைக் காசநோய் தெரியாமல் போகலாம். கழுத்து நெறி, முதுகெலும்பு, கருப்பை போன்ற இடங்களில் வரும் காசநோயில் மார்புப் படம் பலருக்குச் சுத்தமாக இருக்கும். குழந்தை இல்லை என்று வருகிற பெண்களில் சிலருக்குக் கருப்பைக் காசநோய் காரணமாக இருக்கிறது. மார்புப் படம் நார்மல் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது.

ஆகவே சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம், இரவில் வேர்வை, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். உடம்பு சொல்வதும் சீட்டு சொல்வதும் வேறுபட்டால் உடம்பை நம்புங்கள். சீட்டின் அடியில் "கோரிலேட் க்ளினிக்கலி" என்று எழுதியிருப்பதும் இதைத்தான்: ஆளைப் பார்த்து, படத்தோடு ஒத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படம் எடுக்கும்போது

படம் தெளிவாக வந்தால் சீட்டில் சந்தேகம் குறையும். அது பாதி உங்கள் கையில் இருக்கிறது.

சடையை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். சங்கிலி, தாயத்து, ஊக்கு, உலோகக் கொக்கி உள்ள உள்ளாடை எல்லாம் நிழல் விழும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். நுரையீரலை மறைக்காத இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். சட்டைப் பையில் சில்லறை வேண்டாம். மார்புக் காம்பின் நிழல்கூடச் சில சமயம் நாட்யூல் போலத் தெரியும். அதனால் டாக்டர் மறுபடம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

"மூச்சை இழுத்துப் பிடி" என்று சொன்னால் வயிறு நிறைய இழுத்து அசையாமல் நில்லுங்கள். அரை மூச்சில் எடுத்த படத்தில் இருதயம் பெருத்தும் நுரையீரலின் அடி மங்கியும் தெரியும். சீட்டில் இல்லாத வியாதி எல்லாம் வரும்.

மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். அவசியம் என்று டாக்டர் முடிவு செய்தால் மார்புப் படம் எடுத்துக்கொள்ளலாம். கருவுக்குப் போய்ச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு. மற்றவர்களுக்கும் ஒரு மார்புப் படத்தின் கதிர் அளவு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவுதான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் படும் கதிர் வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். பயந்து படத்தைத் தவிர்க்கவும் வேண்டாம். டாக்டர் சொல்லாமல் வாரத்துக்கு ஒரு படம் எடுக்கவும் வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

சீட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்காதீர்கள். இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

1. இந்த நிழல் எந்த இடத்தில் இருக்கிறது?
2. இது புதிதா, பழைய தழும்பா? பழைய படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன், பாருங்கள்.
3. எதனால் என்று உறுதி செய்ய இன்னும் என்ன பரிசோதனை வேண்டும்?
4. மறுபடி எப்போது வர வேண்டும்? அதற்குள் என்ன ஏற்பட்டால் உடனே வர வேண்டும்?

பதிலை வீட்டில் படித்த பிள்ளையை விட்டுச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். படத்தை மடிக்காமல், ஈரம் படாமல், தேதி தெரியும்படி உறையில் வையுங்கள். செல்போனில் வந்த படமானால் அழித்துவிடாமல் வையுங்கள். அடுத்த முறை போகும்போது முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உறைதான். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். சளிப் பரிசோதனைக்கான டப்பாவும் அங்கேயே கிடைக்கும்.